தட்டில் இருந்த தலை ஏன் சிரித்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் அண்ணன் வீட்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. அண்ணன் மகன் லேப்டாப்பை டிவியோடு மாட்டி ஒரு பழைய கறுப்பு வெள்ளை திகில் படம் போட்டான். படம் முடிகிற இடத்தில் திரை பட்டென்று கறுத்துப் போனது. அண்ணி 'கரண்ட் போச்சு' என்று சொல்லிக்கொண்டே மெழுகுவத்தி எடுக்க எழுந்துவிட்டார், லோட் ஷெட்டிங்கோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவர்களுக்குத் திரை கறுத்தால் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிக்கிற சத்தம் வந்தது. அவ்வளவுதான், படம் முடிந்தது.

"அத்தை, சிரிச்சது யாரு? அவதான் எரிஞ்சு போயிட்டாளே?" என்று அண்ணன் மகன் கேட்டான். அன்றைக்கு அரைகுறையாக ஏதோ பதில் சொன்னேன். அப்புறம் இன்னும் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் டர்பனில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள் நான், அதனால் இந்தப் படத்தின் முடிவு எனக்கு மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி தெரியவில்லை. முழுக் கதையையும் சொல்லித்தான் விளக்க முடியும், படம் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படத்தின் பெயர் 'தி பிரெய்ன் தட் வுடன்ட் டை', சாக மறுத்த மூளை என்று வைத்துக்கொள்ளலாம். எழுதி இயக்கியவர் ஜோசப் கிரீன். 1959-இல் நியூயார்க் பக்கத்தில் எடுத்தார்கள், 1962-இல்தான் வெளியானது. செலவு 62,000 டாலர் அளவில்தான் என்று சொல்வார்கள், படத்தைப் பார்த்தால் நம்பலாம். முக்கால்வாசிக் கதை ஒரே வீட்டின் அடித்தள அறையில் நடக்கிறது. காசு எவ்வளவு குறைவு, வேலை எவ்வளவு அவசரம் என்பதற்கு ஒரு அடையாளம்: ஆரம்பத்தில் மூளை என்று வரும் தலைப்பு, சில பிரதிகளில் படம் முடியும்போது வரும் அட்டையில் 'தலை' என்று மாறியிருக்கும். யாரும் திருத்தவில்லை. எனக்கு அந்தத் தவறு பிடித்திருக்கிறது, ஏனென்றால் படமே அந்தக் குழப்பத்தைப் பற்றியதுதான்: ஒரு மனுஷி எங்கே இருக்கிறாள், மூளையிலா, தலையிலா, மொத்த உடம்பிலா?

கதை இது. பில் கார்ட்னர் இளம் அறுவை மருத்துவர். அப்பாவும் மருத்துவர். முதல் காட்சியில் ஒரு நோயாளி மேஜையிலேயே இறந்துபோகிறார். அப்பா கையை எடுத்துவிடுகிறார், மகன் விட மறுக்கிறான். இறந்தவர்தானே என்று அப்பா அவனுக்கு இடம் விடுகிறார். மகன் மண்டையைத் திறந்து மூளையில் எதையோ செய்கிறான், நோயாளி பிழைத்துவிடுகிறார். இதைக் கவனியுங்கள். அவன் திறமைசாலி, அவன் வழி பலிக்கிறது. மற்ற பைத்தியக்கார விஞ்ஞானிப் படங்களில் ஆராய்ச்சி தோற்றுத்தான் ஆபத்து வரும், இங்கே அது பலிப்பதில்தான் ஆபத்தே தொடங்குகிறது. அந்த அறையில் கூடவே நிற்கும் நர்ஸ் ஜேன் காம்ப்டன், அவனுக்கு நிச்சயித்த பெண்.

பில் ஜேனையும் ஏற்றிக்கொண்டு வேகமாகக் கார் ஓட்டுகிறான், விபத்து, கார் எரிகிறது, அவன் வெளியே தூக்கி எறியப்பட்டுத் தப்பிக்கிறான். ஜேனின் தலையை மட்டும் எடுத்துக் கோட்டில் சுற்றிக்கொண்டு ஓடுகிறான். அடித்தள ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டு, அதில் திரவம், நாலைந்து குழாய்கள், தலையைச் சுற்றிக் கட்டு. கண் திறக்கிறாள். பேசுகிறாள். (நுரையீரல் இல்லாமல் எப்படிப் பேசுவாள் என்று அண்ணன் மகன் கேட்டான். முடியாது. குரல்நாளத்துக்குக் காற்று கீழே இருந்துதான் வர வேண்டும். அதைப் படத்துக்கு மன்னித்துவிடலாம்.) அவள் கேட்பது ஒன்றே ஒன்று, என்னைச் சாக விடு. அவன் கேட்கவில்லை. அவளுக்கு ஓர் உடம்பு தேடிக் கிளம்புகிறான்.

அந்தத் தேடல்தான் படத்தின் நடுப்பகுதி முழுக்க. ஆட்டக்காரிகள் இருக்கும் கிளப், அழகிப் போட்டி, தெருவில் நடந்துபோகும் பெண்கள். கேமரா தலையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் அளக்கிறது. 1960-களின் மலிவுப் படங்கள் டிக்கெட் விற்கச் செய்த வேலைதான் இது, எனக்குத் தெரியும். ஆனாலும் மேலே பில் உடம்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே அடித்தளத்தில் தலை மட்டும் காத்திருக்கிறது என்று வெட்டி வெட்டிக் காட்டும்போது, எடுத்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, அது தைக்கத்தான் செய்கிறது. கடைசியில் டோரிஸ் என்ற மாடலைப் பிடிக்கிறான். அவள் முகத்தில் தழும்பு, அதைச் சரிசெய்து தருகிறேன் என்று ஆசை காட்டி வீட்டுக்கு அழைத்துவந்து, பானத்தில் மயக்க மருந்து கலந்து கொடுக்கிறான்.

ஆய்வுக்கூடத்தில் இன்னும் இரண்டு பேர் உண்டு. உதவியாளன் கர்ட், பில் செய்த கை மாற்று அறுவை தோற்றுப்போனதால் ஒரு கை சூம்பி வளைந்திருப்பவன். அப்புறம் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏதோ ஒன்று. கதவில் ஒரு சின்னத் திறப்பு, அதன் வழியாகத்தான் சாப்பாடு போகும். படம் முழுக்க அதை நாம் பார்ப்பதில்லை, மூச்சும் உறுமலும் கதவைத் தட்டும் சத்தமும்தான். ஜேனுக்கு அந்தத் திரவத்தால் ஏதோ சக்தி வந்துவிடுகிறது, வாய் திறக்காமலே அதோடு பேசுகிறாள், அது தட்டிப் பதில் சொல்கிறது. முதலில் அது கர்ட்டின் நல்ல கையைப் பிய்த்தெடுக்கிறது, அவன் ரத்தம் கொட்டச் சாகிறான்.

இப்போது முடிவு. டோரிஸ் மயங்கிக் கிடக்கிறாள், பில் அறுவைக்குத் தயாராகிறான். ஜேன் எதிர்த்துப் பேசுகிறாள். அவன் அவள் வாயில் பட்டையை ஒட்டிவிடுகிறான்.

அந்தக் காட்சியில் நான் நிறுத்திவிட்டேன். எங்கள் வேலையில் அந்தப் பட்டை தினமும் கையில் இருக்கும், மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாய் நகராமல் ஒட்டுவது, கண் காய்ந்து போகாமல் இமையை மூடி ஒட்டுவது. பட்டையைக் கிழிக்கிற சத்தம் கேட்டால் நோயாளியை யாரோ பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே அதே பட்டை, அதே கை, அதே சாதாரண முகம். அவன் கோபப்படக்கூட இல்லை. நோயாளி தொந்தரவு செய்கிறாள், வாயை மூடு, வேலையைப் பார். காதலிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்கிறான், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் வாயை மூடி என்ன பயன், அவள் பேச்சு இப்போது வாய் வழியாகப் போவதில்லையே. பூட்டிய கதவுக்குப் பின்னால் சத்தம் கிளம்புகிறது. அடக்கப் போகிற பில்லைத் திறப்பு வழியாகவே ஒரு கை பிடிக்கிறது, கதவு கீலோடு பிய்ந்து வருகிறது, அந்த உருவம் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வருகிறது. சண்டையில் ஆய்வுக்கூடம் தீப்பிடிக்கிறது. உருவம் பில்லின் கழுத்துச் சதையைக் கடித்தெடுக்கிறது, அவன் சாகிறான். அப்புறம் அது டோரிஸைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்கிறது. தீ நடுவே ஜேன், என்னைச் சாக விடச் சொன்னேனே என்கிறாள். திரை இருள்கிறது. சிரிப்பு.

பலருக்கு வரும் முதல் கேள்வி, அந்த உருவம் ஏன் டோரிஸைக் காப்பாற்றுகிறது என்பது. இந்த வகைப் படங்களில் அரக்கன் பெண்ணைத் தூக்கினால் அது கடத்தல்தான், சுவரொட்டியிலும் அதைத்தான் வரைவார்கள். இங்கே தூக்குகிற விதத்தைப் பாருங்கள், கதவைத் தாண்டி, தீயைத் தாண்டி, வெளியே. அது ஜேனின் கட்டளை என்பதுதான் என் முடிவு. அவளுக்குப் பழி மட்டும் வேண்டுமென்றால் பில்லும் கர்ட்டும் செத்ததோடு போதும், டோரிஸும் சேர்ந்து எரிந்திருக்கலாம். அவளுடைய புது உடம்பாக வரவிருந்த பெண் அது. அந்த உடம்பை அதன் சொந்தக்காரியிடமே திருப்பிக் கொடுத்து அனுப்புகிறாள். ஒரு தழும்போடு, முழுசாக.

அந்த உருவம் எது என்பதில்தான் முடிவின் கனம் இருக்கிறது. பில் மருத்துவமனையில் வெட்டி எடுத்த கைகால்களைத் திருடிக் கொண்டுவந்தவன், தோற்றுப்போன பரிசோதனைகளின் மிச்சம் எல்லாம் ஒட்டுப்போட்டு அந்தக் கதவுக்குப் பின்னால் உயிரோடு கிடக்கிறது. சர்க்கரை வியாதிக்கோ விபத்துக்கோ ஒருவர் காலை இழந்திருப்பார், அந்தக் கால் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. யாரும் கேட்காமல் எடுக்கப்பட்டவற்றின் மொத்தம் அது. ஜேனும் கேட்காமல் எடுக்கப்பட்டவள். கேட்கப்படாதவர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், அதுதான் கடைசி ஐந்து நிமிடம்.

இந்த இடத்தில் ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல வருஷத்துக்கு முந்தி, சர்க்கரை முற்றிக் கால் அழுகி வந்தவர். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை, காகிதத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், மகன்கள் நாங்களே கையெழுத்துப் போடுகிறோம் என்று நின்றார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, என்னைக் கூப்பிட்டார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்ததும் ஆயா கேட்டது ஒரே கேள்வி: "வெட்டின காலை என்ன பண்ணுவீங்க, கண்ணு?" ஆஸ்பத்திரியில் எரித்துவிடுவார்கள், வேண்டுமென்றால் வீட்டாரிடம் கொடுப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில் தாத்தாவை எரித்த இடத்திலேயே கற்பூரம் காட்டி எரிக்கச் சொன்னார், அது முன்னால் போய்க் காத்திருக்கட்டும், நான் பின்னால் வருகிறேன் என்று. பெரிய மகன் தலையாட்டினார். ஆயா தானே பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். இரண்டு நாள் மௌனமும் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் பழமொழி. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட கதையும் இதுதான், இரண்டு ஆண்களின் தலை மாறிப் பொருந்திவிட்டது, அந்தப் பெண்ணுக்குப் புருஷன் யார்? புருஷன் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவன்தான் என்கிறான் ராஜா. பில் கார்ட்னரும் அதே கட்சி, தலை இருந்தால் ஜேன் இருக்கிறாள், கீழே எந்த உடம்பை வைத்தாலும் சரி. ஆனால் நம்மிடமே அதற்கு மறுபக்கக் கதையும் உண்டு. ரேணுகாவின் கதை. தகப்பன் சொல்லைக் கேட்டுப் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான், அப்புறம் வரம் வாங்கி உயிர்ப்பிக்கிறான், அவசரத்தில் வேறொருத்தி உடம்பில் தாயின் தலை பொருந்திவிடுகிறது. மாரியம்மன் அப்படி வந்தவள் என்று ஊர்க்கதை சொல்லும். இங்கே இசிப்பிங்கோ கோயிலில் ஈஸ்டர் சமயத்தில் அவளுக்குப் பால்குடம் எடுக்கிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். சின்ன வயதில் எனக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான், எழுந்து பார்த்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? கதை அதைச் சொல்லாது. ஒட்டவைத்த பிள்ளை நல்ல பிள்ளை என்று போய்விடும். ஆனால் அவள் பழைய ரேணுகாவாக வீடு திரும்பவில்லை, அம்மையும் காய்ச்சலும் கையில் வைத்திருக்கும் தெய்வமாக ஆனாள். ஒட்டிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அதுவே பதில் என்று இப்போது தோன்றுகிறது. ஜேன் விஷயத்திலும் அப்படித்தான், தட்டில் கண் திறந்தவள் அவன் காதலித்த ஜேன் இல்லை, அவனுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை.

இது வெறும் கற்பனை என்று 1959-இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1954-இல், சோவியத் நாட்டில் விளாடிமிர் டெமிகோவ் ஒரு நாய்க்குட்டியின் தலையையும் முன்கால்களையும் இன்னொரு நாயின் கழுத்தில் பொருத்தியிருந்தார், அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. அதே 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே இரட்டைச் சகோதரர்களுக்கு இடையே சிறுநீரகம் மாற்றி வெற்றி கண்டார். படம் வந்து சில வருஷம் கழித்து, 1970-இல், கிளீவ்லாந்தில் ராபர்ட் வைட் ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடம்பில் வைத்தார். அது கண் விழித்தது, கடிக்க வந்தது, கழுத்துக்குக் கீழே அசைவில்லை, அதிக நாள் வாழவில்லை. அது கடிக்க வந்தது என்பதை நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் தென்னாப்பிரிக்காவின் கதையும் உண்டு. 1967 டிசம்பர் 2, கேப் டவுன். டெனிஸ் டார்வால் என்ற 25 வயதுப் பெண் கேக் வாங்கிக்கொண்டு அம்மாவோடு சாலையைக் கடக்கும்போது கார் மோதியது. அம்மா அங்கேயே இறந்தார். மகளின் மூளை திரும்பி வராத நிலை. மறுநாள் விடியற்காலை குரூட் ஷுர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் அவள் இதயத்தை லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்பவருக்குப் பொருத்தினார், உலகிலேயே மனிதனிலிருந்து மனிதனுக்கு முதல் இதய மாற்று. அவர் 18 நாள் வாழ்ந்தார், நிமோனியாவில் போனார். டெனிஸின் சிறுநீரகம் ஒரு கலப்பினச் சிறுவனுக்குப் போனது. அடுத்த மாதமே கிளைவ் ஹாப்ட் என்ற கலப்பின இளைஞரின் இதயம் வெள்ளைக்காரரான பிலிப் பிளைபெர்க்குக்கு, அவர் 19 மாதம் வாழ்ந்தார். உயிரோடு இருந்தபோது ஒரே வார்டில் படுக்க முடியாதவர்கள், ஒரே கடற்கரையில் குளிக்க முடியாதவர்கள். செத்தபின் இதயத்துக்கு நிறவெறிச் சட்டம் இல்லாமல் போனது.

அப்போது எனக்கு 12 வயது. டிவி கிடையாது, இந்த நாட்டுக்கு அது 1976-இல்தான் வந்தது. அப்பா செய்தித்தாளை வாசித்து வாசித்து என் ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, தமிழில் சொன்னார். கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் ஆயா முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு வீட்டுல கேட்டாங்களா?" என்றார். கேட்டார்கள். டெனிஸின் அப்பா எட்வர்ட், மனைவியை இழந்த அதே நாளில், மகளுக்கு வழியில்லை என்றால் அந்த ஆளையாவது காப்பாற்றுங்கள் என்ற அர்த்தத்தில் சம்மதம் கொடுத்தார். கார் விபத்து, இளம்பெண், கெட்டிக்கார டாக்டர், வெளியே எடுக்கப்பட்ட உறுப்பு, எல்லாம் அந்தப் படத்தில் இருப்பவைதான். மூளைச்சாவு என்றால் என்ன என்று ஹார்வர்டில் குழு போட்டு வரையறுத்ததே 1968-இல்தான், அதனால் கேப் டவுனில் சட்டம்கூடத் தெளிவாக இல்லை. பில்லின் அடித்தள அறையையும் அந்த ஆபரேஷன் தியேட்டரையும் பிரித்தது ஒரு தகப்பனிடம் கேட்ட கேள்விதான். நான் நர்ஸ் வேலைக்குப் போனதில் ஆயாவின் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு.

நடித்தவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஜேனாக நடித்த வர்ஜீனியா லீத் 1953-இல் ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் முழுநீளப் படத்திலும் இருக்கிறார், அதில் சிப்பாய்கள் அவரை மரத்தில் கட்டிப்போடுவார்கள். இங்கே மேஜைக்கு அடியில் உட்கார்ந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படம் முழுக்க நடித்தார். கையில்லை, நடையில்லை, கண்ணும் உதடும்தான். கண்ணாலேயே வெறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறார், அவர் இல்லையென்றால் இந்தப் படத்தை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கதவுக்குப் பின்னால் இருந்தவர் எடி கார்மெல். உயரம் ஏமாற்று வித்தை இல்லை. பிட்யூட்டரி சுரப்பிக் கட்டியால் வளர்ச்சி நிற்காமல் போனவர், அந்தத் தாடையையும் கையையும் பார்த்த மாத்திரத்தில் எந்த நர்ஸுக்கும் தெரிந்துவிடும். 1970-இல் டயான் ஆர்பஸ் அவரை பிராங்க்ஸில் பெற்றோர் வீட்டில் எடுத்த புகைப்படம் ரொம்பப் பிரபலம்: கூரை இடிக்காமல் குனிந்து கைத்தடியோடு நிற்கிறார், அம்மா அண்ணாந்து பார்க்கிறார். 1972-இல் இறந்தார், நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபின் முடிவுக் காட்சி எனக்கு மாறிவிட்டது. கோரமான ஒப்பனைக்குக் கீழே நோயோடு வாழ்ந்த ஒரு மனிதர், மயங்கிக் கிடக்கும் பெண்ணை எவ்வளவு கவனமாகத் தூக்குகிறார் என்றுதான் இப்போது கண் போகிறது.

சரி, சிரிப்புக்கு வருகிறேன். அது பைத்தியம் பிடித்த சிரிப்பு, அவளும் கெட்டவளாகிவிட்டாள் என்று சொல்பவர்கள் உண்டு. பழைய படங்களில் பெண் இப்படிச் சிரித்தால் அப்படித்தான் அர்த்தம், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தலை எரிந்தும் சாகவில்லை, தலைப்பே அதுதானே என்று இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. தீ வரும்போது அவள் கத்தவில்லை, உதவி கேட்கவில்லை. நான் கேட்டேனே என்று ஒரு வாக்கியம் சொல்கிறாள், படம் முழுக்கக் கேட்டது கிடைத்துவிட்டது, சிரிக்கிறாள். அப்போது திரையில் அவள் முகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்த படத்தில், கடைசியில் அவளைப் பார்க்க யாருக்கும் வழியில்லை. தட்டு இல்லை, குழாய் இல்லை, விளக்கு இல்லை.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனிடம் சொன்னேன். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை, அவள் பேயாகிவிட்டாள் என்பதுதான் அவன் கட்சி. சரி கண்ணா, முதலிலிருந்து ஒரு நிமிஷம் போடு, விளக்கை அணைத்துவிட்டுக் கேள் என்றேன். போட்டான். படம் தொடங்கும்போதும் திரை இருட்டுத்தான், காட்சி எதுவும் வருவதற்கு முன்பே அவள் குரல் வருகிறது, என்னைச் சாக விடு, சாக விடு என்று. போன முறை எல்லோரும் பேசிக்கொண்டு தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டிருந்ததில் யார் காதிலும் அது விழவில்லை.

நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். "முதல்லயே சொல்லிட்டாளே, அத்தை" என்றான்.